அசடு வழிய வேண்டியவன் யார்?

காதல் நகைச்சுவை நாடகம் போடக் கிளம்புகிறவர்களுக்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பங்குனி பிறந்துவிட்டால் சேத்தூர், முகவூர் தொடங்கி மம்சாபுரம், வத்திராயிருப்பு வரை ஏதாவது ஓர் ஊரில் அம்மன் கோவில் பொங்கல் சாட்டியிருப்பார்கள். முளைப்பாரி, அக்கினிச்சட்டி எல்லாம் பேசி முடித்த பிறகு, ராத்திரிக்கு என்ன வைப்பது என்ற பேச்சு வரும். பல ஊர்களில் இப்போது பாட்டுக் கச்சேரி, இல்லையென்றால் ஆடல் பாடல். ‘வள்ளி திருமணம்’ நாடகம்தான் வேண்டும் என்று பெரியவர்கள் ஒற்றைக்காலில் நிற்கும் ஊர்களும் மிச்சம் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில், “நாமளே ஒரு லவ் காமெடி போட்டா என்னண்ணே?” என்று கேட்கும் இளவட்டங்கள். இந்தப் பட்டியல் அவர்களுக்கு. கல்லூரி ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதுகிறவர்களும் படிக்கலாம்.

அவர்கள் எழுதிக்கொண்டு வருவது பெரும்பாலும் ஒரே கதைதான். ஒருத்தன் ஒருத்தி பின்னால் சுற்றுவான். அவள் முறைப்பாள். நண்பன் ஏற்றிவிடுவான். இன்னும் கொஞ்சம் சுற்றுவான். கடைசியில் அவள் சிரித்துவிடுவாள், எல்லோரும் கைதட்ட வேண்டும். சினிமாவில் பார்த்துப் பார்த்து ஊறிய சரக்கு இது. ஒருதலைக் காதலை வைத்துச் சிரிக்க வைப்பதில் நம் மேடைக்கு இதைவிட நல்ல கைச்சரக்கு உண்டு. அதை எடுத்துப் பார்க்காமல் பேனாவைத் தொடுவதுதான் முதல் கோளாறு.

செய்ய வேண்டியவை

ஒரு ‘வள்ளி திருமணம்’ நாடகத்தை முழுசாக உட்கார்ந்து பாருங்கள். செல்போனில் துண்டு துண்டாகப் பார்ப்பது கணக்கில் வராது. ராத்திரி பத்து மணிக்கு மேல் பபூன் வந்து ஆரம்பித்தால் விடிகிற நேரத்துக்குத்தான் கல்யாணம். ஸ்பெஷல் நாடகம் என்று இதற்குப் பெயர். நிரந்தரக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், நாரதர் இன்னோர் ஊர். ஆர்மோனியக்காரர் எங்கிருந்தோ வருவார். தனித்தனியாகப் பேசி அமர்த்தியவர்கள் ஒத்திகை இல்லாமல் மேடையேறுவார்கள். அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சந்திக்கிறவர்கள்கூட இருப்பார்கள். ஆனாலும் பிசகாது. தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) போட்டுக் கொடுத்த தடம் அப்படி. 1918-ல் மதுரையில் பையன்களைச் சேர்த்துத் தத்துவ மீனலோசனி வித்வ பாலசபாவைத் தொடங்கியவர் அவர். டி.கே.எஸ். சகோதரர்கள் அந்தப் பட்டறையில் வார்க்கப்பட்டவர்கள். அவர் போட்ட தடத்தில் ஒருதலைக் காதல் எங்கே வருகிறது, எப்படிச் சிரிப்பாகிறது என்று கவனியுங்கள்.

மறுக்கிறவளுக்கு நிறையப் பேச்சு கொடுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். நாடகத்தின் உயிர் தர்க்கம். பரண் மேல் கவணோடு நின்று ஆலோலம் பாடித் தினைப்புனம் காக்கிறாள் வள்ளி. வேடன் வேஷத்தில் முருகன் வந்து, என் மிருகம் இந்தப் பக்கம் ஓடி வந்ததா என்று கேட்கிறான். தொலைந்து போனது மிருகம் இல்லை என்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிறுபிள்ளைக்கும் தெரியும். அவன் பாட்டில் ஒரு கேள்வி போட, அவள் பாட்டிலேயே அதை வெட்ட, ஆர்மோனியம் இருவருக்கும் நடுவில் ஓட, மணி இரண்டு மூன்று ஆகிவிடும். மில்லில் ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் பைக்கில் சாய்ந்தபடியே நின்றுவிடுவார்கள். அந்த நேரத்தில் கைதட்டல் எதற்கு விழுகிறது என்று பாருங்கள். முருகன் கேட்ட கேள்விக்கு விழுவதைவிட வள்ளி கொடுத்த பதிலுக்குத்தான் அதிகம் விழும். சாமி என்றும் பார்க்காமல் ஜனம் அவள் பக்கம் சாய்கிறது. ஸ்திரீபார்ட் கெட்டிக்காரியாக இருந்தால் அன்றைய ராஜபார்ட் பாடு திண்டாட்டம்தான்.

உங்கள் நாடகத்தில் கதாநாயகி எத்தனை வரி பேசுகிறாள் என்று எண்ணிப் பாருங்கள். “ச்சீ போ”, “எங்க அண்ணன்கிட்ட சொல்லிடுவேன்” என்ற இரண்டோடு முடிந்தால், பிரதியைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

காதலிக்கிறவனை அசடாக்குங்கள், ஆனால் அவன் ஆசை நிஜமாக இருக்கட்டும். வேடன் வேஷம் பலிக்கவில்லை. ஆட்கள் வருகிற சத்தம் கேட்டதும் வேங்கை மரமாகி நிற்க வேண்டியதாகிறது. அடுத்து கிழவனாக வருகிறான். பசிக்கிறது என்கிறான், தேனும் தினைமாவும் தின்கிறான், விக்கல் எடுக்கிறது, தண்ணீர் கேட்கிறான். சூரனை வென்றவன் ஒரு குறப்பெண்ணிடம் விக்கிக்கொண்டு நிற்கிறான். இதைவிட அசடு வேறு என்ன வேண்டும்? சிரிக்கிறோம், ஆனால் வெறுப்பதில்லை. அவன் ஆசையில் கள்ளம் இல்லை, கோலத்தில்தான் கோணல். தொல்காப்பியம் சிரிப்புக்குச் சொல்லும் நான்கு காரணங்களில் பேதைமையும் மடமும் இரண்டு. ஒருதலையாகக் காதலிக்கிறவனிடம் இரண்டும் ஒருசேரக் கிடைக்கும்போது வேறு சிரிப்புக்கு அலைய வேண்டாம்.

அவனைக் கேலி செய்ய ஒரு ஆள் போடுங்கள். ராஜபாளையத்திலிருந்து தென்காசி ரோட்டில் போனால் குற்றாலம். திரிகூடராசப்பக் கவிராயர் ‘குற்றாலக் குறவஞ்சி’ எழுதியது அந்த மலையடிவாரத்தில். மதுரை நாயக்கர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் அதற்குப் பரிசாக நிலமே கொடுத்தார். குறவஞ்சி மேடு என்று பெயர். அதில் குறவன் சிங்கன், தன் மனைவி சிங்கியைக் காணாமல் தவிக்கிறான். பறவை பிடிக்க வந்தவனுக்குக் கண்ணியும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூட வந்த நூவன் அவனைச் சும்மா விடுவதில்லை, குத்திக் குத்திக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். நம் சினிமா நண்பன் ஏற்றிவிடுகிறவன்; நூவன் இறக்கிவிடுகிறவன். நாடகத்துக்கு வேண்டியது இறக்கிவிடுகிறவன்தான். அப்புறம் சிங்கியைக் கண்டுபிடித்ததும் நடப்பதைப் பாருங்கள். அவள் குறி சொல்லிச் சம்பாதித்த நகைகளோடு நிற்கிறாள். காலில் கிடப்பது என்ன, கையில் கிடப்பது என்ன, யார் கொடுத்தது என்று அவன் ஒவ்வொன்றாகக் கேட்க, அவள் அலட்டாமல் பதில் சொல்கிறாள். அத்தனையும் அவள் தொழிலில் சம்பாதித்தது. சந்தேகப்பட்டவன் முகத்தில்தான் அசடு.

பெண்ணுக்கும் அசட்டுக் காதல் வரலாம் என்று எழுதத் துணியுங்கள். அதே குறவஞ்சியில் பந்தடித்துக்கொண்டிருந்த வசந்தவல்லி, பவனி வந்த குற்றாலநாதரைப் பார்த்து மயங்குகிறாள். நிலாவைத் திட்டுகிறாள், மன்மதனைத் திட்டுகிறாள், தோழியைத் தூது அனுப்புகிறாள். சாமி ஒரு வார்த்தை பேசுவதில்லை! ஷேக்ஸ்பியரின் ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்தைப் பம்மல் சம்பந்த முதலியார் ‘விரும்பிய விதமே’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். மூலத்தில் காதல் ஒரு சங்கிலியாக ஓடும். இடையன் சில்வியஸுக்கு ஃபீபி மேல் உயிர். ஃபீபிக்கு அவன் ஆகாது. ஆண்வேஷத்தில் வந்த ரோசலிண்டைப் பார்த்ததும் அவள் கவிழ்ந்துவிடுகிறாள். தன் பின்னால் அலைகிறவனைத் துச்சமாகப் பேசிய வாயால் அவள் இப்போது கெஞ்ச வேண்டும். ஆண் பின்னால் சுற்ற, பெண் முறைக்க என்று ஒரே திசையில் ஓடுகிற வண்டியை இப்படித் திருப்பிவிட்டாலே பாதி நாடகம் தானாக எழுதிக்கொள்ளும்.

காதல் நோயை நடிக்கத் தெரியவில்லையா? ஸ்ரீவில்லிபுத்தூர் அரையர் சேவையைப் பாருங்கள். அதில் முத்துக்குறி என்று ஒரு பகுதி. மகளுக்கு என்ன வந்தது என்று தெரியாத தாய், முத்துகளைப் பரப்பிக் குறி பார்க்கும் கட்டுவிச்சியை அழைக்கிறாள். பெருமாள் மேல் வந்த மையல் என்று குறி சொல்கிறது. தாய், மகள், கட்டுவிச்சி எல்லோரையும் அரையர் ஒருவரே காட்டிவிடுவார். வேஷம் மாற்றுவதில்லை. தலையில் நீண்ட குல்லாய், கையில் தாளம், அவ்வளவுதான். மேக்கப்பும் புகை மெஷினும் கேட்டு விழாக் கமிட்டியை அரிக்கிறவர்கள் ஒருமுறை போய் நிற்கட்டும். அது வழிபாடு, சிரிப்பு நாடகம் இல்லை என்ற நினைப்போடு போங்கள்.

செய்யக்கூடாதவை

மறுப்பை, கொஞ்சம் லேட்டாக வரும் சம்மதம் என்று எழுதாதீர்கள். “வள்ளியும் முதலில் மறுத்தவள்தானே, கடைசியில் கட்டிக்கொண்டாளே” என்று ஒரு தம்பி கட்டாயம் கேட்பான். கதையைச் சரியாகப் படிக்காத கேள்வி. முற்பிறவியிலேயே முருகனை அடையத் தவம் இருந்தவள் அவள். அவள் விரட்டியது எவனோ ஒரு வேடனை, எவனோ ஒரு கிழவனை. முருகனை அவள் ஒருநாளும் மறுக்கவில்லை. யார் என்று தெரியாமல் போனதுதான் இங்கே சிக்கல், அதனால்தான் இது நகைச்சுவை. உங்கள் கதாநாயகன் மாறுவேஷத்தில் வந்த முருகன் இல்லை. அவன் யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்துதான் வேண்டாம் என்கிறாள். இதற்கு மேல் அவன் பஸ் ஸ்டாண்டுக்கும் டியூஷன் வாசலுக்கும் வந்து நின்றால், அதற்குச் சிரிப்பு மியூசிக் போடக் கூடாது. தமிழ் சினிமா இதைக் காமெடி என்று விற்றது. வாங்கி வாங்கி நமக்கும் பழகிவிட்டது.

யானையை அனுப்பாதீர்கள். கிழவன் வேஷமும் பலிக்காத நிலையில் விநாயகர் யானையாக வந்து வெருட்ட, வள்ளி பயந்து கிழவனைக் கட்டிக்கொள்கிறாள். அவள் நெஞ்சில் இருப்பவன்தான் அந்தக் கிழவன் என்று கூட்டத்துக்குத் தெரிவதால் அங்கே அது ஒத்துப்போகிறது. அப்படியும் எனக்கு அந்தக் காட்சி மேல் முழுத் திருப்தி கிடையாது. இரண்டு மணி நேரம் வாயால் ஜெயித்தவளைப் பயமுறுத்தித் தோற்கடிப்பது என்ன நியாயம்? நண்பனையே ரவுடியாக அனுப்பி, பெண்ணை மிரட்ட வைத்து, ஹீரோ வந்து காப்பாற்றும் காட்சியை எத்தனை படத்தில் பார்த்திருக்கிறோம். அதே யானைதான், சாமியை மட்டும் எடுத்துவிட்டார்கள். சாமி போனபின் மிச்சம் இருப்பது ஏமாற்று. அந்தக் குட்டு உடைந்து ஹீரோ அவமானப்படுகிற மாதிரி எழுதுங்கள். நல்ல சிரிப்பு அங்கேதான் இருக்கிறது.

செத்துப்போவேன் என்று மிரட்ட விடாதீர்கள். பனைமட்டைக் குதிரை ஏறி, எருக்கம்பூ சூடி, ஊர் நடுவில் தன் காதலைப் போட்டு உடைக்கும் மடலேறுதல் சங்கப் பாட்டிலேயே உண்டு. பெரும்பாலும் அங்கே தலைவன் ‘மடல் ஏறுவேன்’ என்று சொல்வதோடு நிற்கிறான். இப்போது அந்த இடத்துக்குப் பிளேடும் மாடி விளிம்பும் வந்துவிட்டன. ஊரில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடு ஏதாவது இருக்கும், அந்த வீட்டு அம்மா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

கேலியை அளவுக்கு மேல் இழுக்காதீர்கள். ஷேக்ஸ்பியரின் ‘ட்வெல்ஃப்த் நைட்’ நாடகத்தில் மால்வோலியோ என்ற காரியஸ்தனுக்கு, எஜமானி எழுதியது போல ஒரு போலிக் கடிதம் போடுகிறார்கள். அதை நம்பி மஞ்சள் காலுறை மாட்டிக்கொண்டு, இளித்துக்கொண்டு அவள் முன்னால் போய் நிற்கிறான். வயிறு வலிக்கச் சிரிக்கலாம். அதோடு விடாமல் அவனைப் பைத்தியம் என்று இருட்டறையில் அடைக்கிறார்கள். அங்கே சிரிப்பு தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. கடைசியில் எல்லோரையும் பழி வாங்குவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அது ஷேக்ஸ்பியர், தெரிந்தே செய்தார். நமக்கு அந்தக் கை இல்லை. அசடனை ஒருமுறை விழ வைத்தால் போதும்.

நிறம், குண்டு உடம்பு, திக்குவாய், சாதி. நான்கையும் தொடாதீர்கள். ராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கு பேசி வெளியில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. அந்த வாடையை வைத்து ஜோக் அடிக்கலாமா என்றால், அடிக்கிறவன் அந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அடிக்கலாம்.

பபூன்–டான்ஸ் காட்சியைப் பார்த்துவிட்டு, அதில் உள்ள ஆபாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் தனியாகப் பேசி முடித்ததும் டான்ஸ்காரி ஆடிக்கொண்டு வருவார். இருவரும் எதிரும் புதிருமாக வந்து ‘தொம்’ என்று மோதிக்கொள்வார்கள். யார் யாரை இடித்தது என்று சண்டை தொடங்கும். நீ எந்த ஊர், நான் எந்த ஊர், உனக்கு என்ன தெரியும், எனக்கு என்ன தெரியும் என்று பாட்டும் ஆட்டமுமாகப் போட்டி வளர்ந்து, போன வேகத்தில் காதலாக முடியும். நல்ல பபூன் அதில் ஒவ்வொரு ரவுண்டிலும் தோற்பார். மட்டமான பபூன் இரட்டை அர்த்தத்தில் அவளைத் தோற்கடிப்பார். இரண்டுக்கும் கூட்டம் சிரிக்கும், மறுக்கவில்லை. முதல் சிரிப்பில் பெண்கள் பக்கமும் சேர்ந்துகொள்ளும். இரண்டாவதில் ஆண்கள் பக்கம் மட்டும்தான் சத்தம் வரும். உங்கள் நாடகத்தில் சிரிப்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மேடை ஓரத்தில் நின்று காது கொடுத்துக் கேளுங்கள்.

எல்லோருக்கும் கல்யாணம் செய்து வைக்காதீர்கள். ஒருவனாவது தனியாக வீட்டுக்குப் போகட்டும்.

ஆண்டாளை இழுக்காதீர்கள். ‘ஒருதலைக் காதலுக்கு நம்ம ஊரிலேயே ஆள் இருக்காங்களே’ என்று ஆரம்பிக்கும் வசனத்தைத் தவிர்த்துவிடுங்கள். பங்குனி உத்திரத்துக்கு ரெங்கமன்னாரோடு திருக்கல்யாணம் கண்டு, ஆடிப்பூரத்துக்குத் தேர் இழுத்துவிட்டு வந்த ஊர்க்காரர்களுக்கு அவள் கேட்டது கிடைத்தவள். அங்கே உங்கள் ஜோக் எடுபடாது.

மேடைக் காதலை மேடைக்குக் கீழே கொண்டுவராதீர்கள். நம் பக்கத்துச் செங்கோட்டைக்காரர் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் மேடையில் ஜோடியாகப் பாடி, நிஜத்திலும் சேர்ந்தவர்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே திருமணமாகியிருந்தது. 1933-ல், முப்பது வயதைத் தொடாமலே அவர் இறந்தார். அதன்பின் 1980-ல் சாகும்வரை சுந்தராம்பாள் வெள்ளைப்புடவைதான் கட்டினார். அவர்கள் கதையைக் காமெடிக்குள் நுழைக்க வேண்டாம். கல்லூரி நாடகத்தில் ஜோடியாக நடித்த இரண்டு பேரை மறுநாளிலிருந்து பெயர் சேர்த்துக் கூப்பிடுவதையும் நிறுத்துங்கள். அடுத்த வருஷம் நடிக்கப் பெண் கிடைக்கவில்லை என்று புலம்புவதற்கு அதுதான் காரணம்.

கடைசியாக, பார்க்க வருகிறவர்களுக்கு. நாடகத்தில் நடிக்கும் பெண்ணுக்குப் பெரிய தொந்தரவு மேடையில் இருக்கும் அசட்டுக் காதலன் இல்லை, மேடைக்குக் கீழே இருக்கிறவன். சூசன் சைசர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு பழகி, 2005-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி நடிகைகள் பயணத்தில்கூட எவ்வளவு கவனமாக நடந்துகொள்கிறார்கள் என்று அதில் விரிவாக எழுதியிருக்கிறார். ஆகவே, அன்பளிப்பு என்று மேடையேறி ரூபாய் நோட்டைக் குத்தப் போகாதீர்கள். கொடுப்பதாக இருந்தால் கமிட்டியிடம் கொடுங்கள். வேஷம் மாற்றும் இடத்தை நாலு பக்கமும் அடைத்து, வாசலில் வயதான அம்மா ஒருவரை உட்கார வையுங்கள். செல்போனைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போகிறவனை, கமிட்டித் தலைவர் மகனாக இருந்தாலும், திருப்பி அனுப்புங்கள். விடிந்ததும் டான்ஸ் ஆடிய பெண்ணுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும் பேசிய சம்பளத்தைக் குறைக்காமல் முதலில் கொடுத்து, வண்டி ஏற்றிவிட்டு வந்து பந்தலைப் பிரியுங்கள்.